மாமனார் மூக்கில் ஒரு புது இனம்

என் மாமனார் இறந்த அன்று, அவர் பிழைத்துக்கொண்டார் என்று ஒரு நிமிடம் ஊரையே நம்பவைத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் வேலை. எனக்குச் சிலந்திப் பைத்தியம். வலை பின்னாமல், பூனை மாதிரி பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்குமே, அந்தக் குதிக்கும் சிலந்தி. நெற்றியில் செம்பு நிறப் பட்டையோடு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று மானகிரியில் கிடைத்திருந்தது. ஆனால் பெண். "ஆணையும் பார்க்காமல் புது இனம் என்று எழுத முடியாது" என்று கல்கத்தாவிலிருந்து ஒரு நிபுணர் கடிதம் போட்டுவிட்டார். இரண்டு வருஷம் அந்த ஆணைத் தேடினேன். (பெண் பார்க்கப் போன வீட்டிலும் நான் உத்தரத்தைத்தான் பார்த்தேனாம். என் மனைவி மீனாள் சொல்வாள்.)

கல்யாணமாகி ஒரு வருஷத்தில், கல்லலில் மாமனார் கருப்பையா காலமானார். முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மாலை போடக் குனிந்தேன். பந்தலிலிருந்து ஒன்று அவர் நெற்றியில் குதித்தது. செம்புப் பட்டை. வாயருகே, ஆணுக்கு மட்டுமே இருக்கும் இரண்டு குமிழ். ஆணேதான்!

மாலை கீழே விழுந்தது. சட்டைப் பையிலிருந்த, அடியில் ஸ்பிரிட் நனைத்த துணி அடைத்த குப்பியைத் திறந்து கவிழ்த்தேன். அது ஒரே தாவில் மூக்குக்குப் போய், அடைத்திருந்த பஞ்சுக்கடியில் பதுங்கியது. பஞ்சைப் பிடுங்கினேன்.

ஒப்பாரி நின்றது.

"மூச்சு வருதா மாப்பிள்ளை?" என்று மச்சான் அலறினார்.

"யாரும் அசையாதீக! உயிரோட இருக்கு!"

(மாமனாருக்கு உரிய மரியாதையோடு 'இருக்காக' என்று சொல்லவில்லையே என்பதை அந்த நேரத்தில் யார் கவனிப்பார்கள்?)

மீனாள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, எந்திரிங்கப்பா! ஒங்க மாப்பிள்ளை காப்பாத்திட்டாக!" ஒருவர் தண்ணீர் கொண்டு வந்தார். ஒருவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அதற்குள் குப்பியில் சிக்கியிருந்த சிலந்தி துடித்து அடங்கியது. அதைத் தூக்கிக் காட்டினேன்.

"இது... சிலந்தி" என்றேன்.

மீனாள் குப்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்பாவை இரண்டாவது முறை இழந்த முகம் அது. அன்று முழுக்க அவள் அழவே இல்லை. இன்றும் இந்த இடத்தை என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை.

மச்சான் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனார். "ஒரு நாளைக்கு ஒரு எழவு போதும்னு விடுறேன்" என்றார்.

அங்க அடையாளங்களை எழுதி அச்சாக ஒரு வருஷம் ஆனது. 'கிடைத்த இடம்' என்ற வரியில் 'பந்தல் கீற்று' என்று மழுப்பினேன். மாமனார் பெயரையே வைத்தேன். லத்தீன் இலக்கணப்படி கருப்பையா, 'கருப்பையாயி' ஆகிவிட்டார். "எங்கப்பாவப் பொம்பளையா ஆக்கிட்டீகளே!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த ஒரு வருஷமும் சோறு, குழம்பு தவிர என்னிடம் எதுவும் பேசாத மீனாள், அச்சான படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை கண்ணு?"

"எட்டு."

"அப்பாவுக்குக் கடைசியில ஒரு கண்ணுகூடத் தெரியல" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இன்றும் கல்லல் வீட்டில் யாரும் சிலந்தியை அடிப்பதில்லை. மூலைக்கு மூலை ஒட்டடை தொங்குகிறது. "அந்த இனம் வலையே பின்னாது மச்சான், இதையெல்லாம் அடிக்கலாம்" என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"அப்பா எந்த ரூபத்துல வருவாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்கிறார். "போன தடவை மாதிரி பிடிச்சு அடைக்காம, பேசாம உக்காருங்க."