நூறு சதவீதம் ஆகும்வரை

இனி என் ஆயுசில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவதில்லை என்று போன வருடமே கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சபதம் எடுத்துவிட்டேன். கண் இரண்டும் வீங்கி, மூக்கு ஒழுகி, நாகலாபுரத்தில் இருந்து வந்து இறங்கிய என்னிடம், “துக்க வீடா அண்ணாச்சி?” என்று ஆட்டோக்காரர் கேட்டார். மாமியார் வீடு என்றேன். அவரும் கண் கலங்கினார்.

மாமியார் வெள்ளைத்தாய்க்கு நாகலாபுரத்தில் மூன்று ஏக்கர் வத்தல் காடு. பழத்தைப் பறித்துக் காயப்போட்டதும் காம்பு கிள்ள மருமகனுக்கு அழைப்பு வந்துவிடும். இந்த வருடமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரணுமாம்.

ஞாயிறு வரட்டும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவன். அன்றைக்கே ஒன்று எழுதினேன்.

கரிசல் மாதிரி கறுத்த திரை. அதில் ஒரே ஒரு வரி. வரியில் நூறு புள்ளிகள். வேலை நடக்க நடக்க, புள்ளி ஒவ்வொன்றாகக் கட்டமாக மாறும். பக்கத்தில் சதவீதம் ஏறும். எவ்வளவு வேலை முடிந்தது என்று காட்டுகிற சமாச்சாரம் அது. என்னுடையதில் ஒரு விசேஷம் உண்டு. காட்டும், ஆனால் வேலை கிடையாது. ஏழு நிமிடம் சும்மா இரு, ஒரு கட்டம் போடு. மறுபடி ஏழு நிமிடம் சும்மா இரு. அதற்கு நான் இட்ட கட்டளை இவ்வளவுதான். காலை ஏழு மணிக்குத் தட்டிவிட்டால் மாலை ஆறு நாற்பது வரை ஓடும்.

சனிக்கிழமை ஒத்திகை. என் மனைவி இசக்கிச்செல்வி காபியோடு வந்து நின்றாள்.

“என்னங்க இது, ஊர்ந்து போகுது?”

“பெரிய வேலை செல்வி. நாளைக்கும் ஓடும். நூறு ஆகுத வரைக்கும் நான் எந்திரிக்கக் கூடாது.”

“எந்திரிச்சா?”

“கம்பெனியே நின்னுரும்.”

“ஆத்தாடி! டைப் அடிச்சிக்கிட்டே இருக்கணுமா?”

“சேச்சே. கைக்கு ஒரு வேலையும் கெடையாது. கண்ணு மட்டும் இங்கன இருந்தா போதும்.”

“அப்படியா!” என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தாள். புருஷன் தொழில்மேல் என்ன மரியாதை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“பாவம், நீங்க வர வேண்டாம். அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள். அவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிடம் உறுத்தியது. ஒரு நிமிடம்தான்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. திரையில் பதினேழு சதவீதம். வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. முதலில் மாமியார் இறங்கினார். பின்னாலேயே மூன்று மூட்டை வத்தலும் இறங்கியது.

“மாப்ள எந்திரிக்கவே முடியாதுன்னு செல்வி சொன்னா. நீங்க எதுக்கு அலையணும்? அதான் வத்தல இங்கனயே கொண்டாந்துட்டேன்” என்றார் மாமியார்.

“கை சும்மாதான இருக்கு?” என்று செல்வி முறத்தை என் மடியில் வைத்தாள்.

எழுந்து ஓடலாம். ஓடினால் கம்பெனி நின்றுவிடுமே! கிள்ளினேன். தும்மினேன். கிள்ளிக்கொண்டே தும்மினேன். கையெல்லாம் காரம் என்று செல்விதான் மோரைப் புகட்டினாள். ஈரத்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவ்வளவு அருகில் அவளுடைய கள்ளச் சிரிப்பைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபமே வரவில்லை.

“எப்படிட்டி கண்டுபிடிச்ச?” என்று மாமியார் காதில் விழாமல் கேட்டேன்.

“கல்யாணத்துக்கு முன்னால ஆறு வருசம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனவ நான். நெசமான வேலை ஒரே சீரா ஓடாதுங்க. ஒருநேரம் வெரசலா போகும், ஒருநேரம் இழுக்கும். உங்க கட்டம் ஏழு நிமிசத்துக்கு ஒண்ணா அச்சுப் பிசகாம விழுந்துச்சு. சும்மா இருக்கவனுக்குத்தான் அப்படி ஓடும்.”

ஆறு நாற்பதுக்குத் திரையில் நூறு விழுந்தது. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“ஏங்க, எங்க போறீங்க?” என்று செல்வி சுவரைக் காட்டினாள். சாக்பீஸால் பத்துக் கட்டம் வரைந்திருந்தாள். மூன்றில் மட்டும் கோடு போட்டிருந்தது. “இங்கன இன்னும் முப்பதுதான் ஆயிருக்கு. நூறு ஆகுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுல்லா?”

உட்கார்ந்தேன்.