டைம்கீப்பரும் ஏழு பத்துக் கழுதையும்

காலை ஏழு பத்து. முதலில் தெரிந்தது கழுதை. அதன் பின்னால் டைம்கீப்பர். அவருக்குப் பின்னால், சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி திரேசம்மா.

மன்னார் பட்டினத்தில் ஓடுகிற வாகனத்தை நிறுத்தத் தெரிந்த ஒரே மனிதர் டைம்கீப்பர்தான். பஸ் நிலையத்தில் நேரம் குறித்து ஓய்வு பெற்றவர். பென்சன் எடுத்த பிறகும் விசிலையும் கைக்கடிகாரத்தையும் விடவில்லை. பஸ்களுக்குப் பதிலாக, வீதியைக் கடக்கும் வயதானவர்களுக்கு நேரம் பார்த்தார்.

"பதினெட்டு செக்கன்! போன மாசம் பதினாறு. முழங்காலை டொக்டரிட்டக் காட்டுங்கோ."

திரேசம்மா விடத்தல்தீவிலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில், வீதிக்கு அந்தப் பக்கமுள்ள ஆஸ்பத்திரியின் பிறசர் கிளினிக்குக்கு வருபவர். முதல் தடவை அவரை டைம்கீப்பர் கண்டபோது, வீதியோரத்தில் அழுவாரைப்போல நின்றார். அதற்கு முந்தின மாதம் கடக்கப் பயந்து அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியிருந்தார்.

"பிறசருக்குப் போடுற குளிசை முடிஞ்சு நாலு நாள், தம்பி. இண்டைக்கும் போகேலாட்டி?"

டைம்கீப்பர் விசில் ஊதினார். ஒரு வானும் நிற்கவில்லை. கையை நீட்டினார். ஓட்டோக்காரர் ஒருவர் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அப்போது ஒரு கழுதை தன்பாட்டில் வீதியில் இறங்கியது. இரண்டு பக்கமும் எல்லாம் நின்றன. கழுதையில் இடித்தால் பம்பர் போய்விடும்.

டைம்கீப்பர் தேநீர்க்கடைக்கு ஓடிப்போய், வெட்டி ஒதுக்கிய பாண் ஓரம் வாங்கிவந்து, நடுவீதியில் கழுதைக்கு நீட்டினார்.

"வாங்கோ அக்கா! அவசரமில்லை, அது சப்பி முடிக்கட்டும்."

வான்காரர் தலையை நீட்டினார். "வயசுபோன நேரத்தில கழுதையோட என்ன சேட்டை ஐயா?"

"நீர் மனுசருக்கு நிண்டிருந்தால் நான் ஏன் இவரைக் கூப்பிடுறன்?"

அன்று திரேசம்மாவுக்கு முப்பத்தொரு செக்கன்.

"அது திண்ட நேரத்தையும் சேர்த்தோ, தம்பி?"

அதன்பின் கிளினிக் நாட்களிலெல்லாம் கழுதைக்கு வேலை. ஒருநாள் அது பிந்தி வந்தபோது டைம்கீப்பர் கடிகாரத்தைக் காட்டி ஏசினார். "ஏழு பத்து எண்டால் ஏழு பத்து! உமக்கு வேற என்ன வேலை?"

டைம்கீப்பர் நகரசபைக்கு எழுதிய பல கடிதங்களுக்குப் பிறகு, ஒருவழியாக வீதியைக் கடக்க வெள்ளைக்கோடு போட்டார்கள். கழுதையின் முதுகில் தட்டி, "இனி லீவு" என்றார். திரேசம்மா கோட்டில் கால் வைத்தார். மூன்று வான்கள் நிற்காமல் போயின. டைம்கீப்பர் சட்டைப்பைக்குள் கை விட்டார். பாண் ஓரம் அங்கேதான் இருந்தது.

போன மாசியில் அவர் காலமானார்.

சென்ற கிளினிக் நாளில், ஏழு பத்துக்கு, திரேசம்மா அதே கோட்டருகே நின்றார். பையைத் திறந்தார். உள்ளே கிளினிக் கொப்பியும், கடதாசியில் சுற்றிய பாண் ஓரமும் இருந்தன.