மாமியின் இரண்டு கால்களும் ஒரு வெள்ளச் சீட்டும்

மாமியைக் கிணற்றடியில் விழுத்துவதா, மாமரத்திலிருந்து விழுத்துவதா என்று நிரஞ்சன் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான். மரம் கொஞ்சம் கூடிப்போய்விடும், மேடம் நம்பமாட்டார். கிணற்றடிதான் சரி.

தப்பாக நினைக்காதீர்கள். மனைவியின் தாய் சுப்பம்மா மாமி மேல் அவனுக்கு ஒரு கோபமும் கிடையாது. பிற்பகல் மூன்று மணிக்குப் போனில் சீட்டுப் போட்டி, அதுவும் இறுதிப் போட்டி. அதற்கு அரைநாள் லீவு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டில் ஆளுக்கொரு கோட்டை. படைச் சீட்டுகளை மேசையில் இறக்கி மற்றவரின் கோட்டையை உடைக்கவேண்டும். படைச் சீட்டைச் சின்னப்பிள்ளைகூட இறக்கும். கெட்டித்தனமெல்லாம் 'வெள்ளம்' என்ற ஒற்றைச் சீட்டில் இருக்கிறது. அதை இறக்கினால் மேசையிலுள்ள இரண்டு பக்கப் படையும் அள்ளுண்டு போய்விடும். வென்றுகொண்டிருக்கும்போது இறக்கினால் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டதுபோலத்தான். எதிராளி முழுப் படையையும் கொண்டுவந்து குவிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவேண்டும் என்று நிரஞ்சன் அலுவலகம் முழுக்க வகுப்பெடுத்திருக்கிறான்.

மாமியையும் அப்படித்தான் பொத்திப்பொத்தி வைத்திருந்தான். பக்கத்து மேசைக் கிருபன் லீவுக்காக இதுவரை மூன்று பெரியப்பாமாரைச் சாகடித்துவிட்டான். நிரஞ்சன் ஒருவர் மீதும் கைவைத்ததில்லை.

ஆனாலும் பயம் இருந்தது. அவன் வேலை செய்யும் விதைநெல் கம்பனி மன்னாரில் புதுக்கிளை திறக்கப்போகிறது. யாரை அனுப்புவது என்று மேனுகா மேடம் இந்தக் கிழமை முடிவு செய்வார். பொய் சொல்லிப் பிடிபடுகிறவன்தான் முதலில் போவான் என்பது எல்லோருக்கும் தெரியும். நிரஞ்சனுக்குக் கலியாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. விசுவமடுவில் படிப்பிக்கும் மனைவி கஜேந்தினியை விட்டுவிட்டு மன்னாருக்குப் போவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. பாழாய்ப்போன ஆசை விட்டால்தானே!

"மேடம், மாமி கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டா. கால் வீங்கிப்போச்சாம்."

"ஐயோ! எந்தக் கால்?"

அவன் வாயில் வந்த ஏதோ ஒரு காலைச் சொன்னான்.

"நிண்டு கதைக்காதேங்கோ. ஓடுங்கோ!"

ஓடினான். விசுவமடுவில் மாமி வீட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். கஜேந்தினி பள்ளிக்கூடம் விட்டு வர நேரமிருந்தது. விழுந்துபோன மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிளகாய்த் தோட்டத்தில் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். நிரஞ்சன் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. கிருபன்.

"மச்சான், மேடம் உன்ரை மாமியைப் பாக்க வாறா. நானும் வாறன். வான் வெளிக்கிட்டிட்டுது."

நோயாளியிடம் வருத்தம் பார்க்கப் புறப்பட்ட சனத்தை எங்கள் பக்கத்தில் பொலிசாலும் மறிக்க ஏலாது. நிரஞ்சன் மறித்துப் பார்த்தான்.

"மாமி வீட்டிலை இல்லையடா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போட்டம்."

"அப்ப அங்கை வாறம். எந்த வாட்?"

"இல்லையில்லை, துண்டு வெட்டி விட்டிட்டினம். இப்பதான் வீட்டை கொண்டுவந்தனாங்கள்."

"அவ்வளவு கெதியாவோ? பொறு, மேடம் என்னவோ சொல்லுறா... ஓம் மேடம்... மச்சான், அப்ப வழியிலை முறிவு வைத்தியர் கணபதியரையும் ஏத்திக்கொண்டு வாறமாம்!"

எலும்பு பார்க்கிற மனிதன் வந்தால் எல்லாம் வெளித்துப்போகும். நிரஞ்சன் தோட்டத்துக்கு ஓடினான்.

"மாமி, கொஞ்சநேரம் விழுந்துபோனமாதிரிப் படுத்திருங்கோ!"

"நான் எதுக்கு விழணும்? நல்லாத்தானே நிக்கிறேன்!" மாமி வன்னிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மட்டும் மலைநாட்டிலேயே நின்றுவிட்டது.

"இல்லாட்டி என்னை மன்னாருக்கு அனுப்பிப்போடுவினம்."

"அய்யய்யோ, எம்புள்ள தனியா கெடப்பாளே!" பிறகு மாமி கண்ணைச் சுருக்கினார். "ஒரு மாசத்துக்கு மொளகாய்க்கு நீங்கதான் தண்ணி பாய்ச்சணும். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்! வாங்கோ!"

மாமியைக் கட்டிலில் கிடத்திப் பழைய வேட்டியைக் கிழித்த பிறகுதான் அடுத்த இடி விழுந்தது. மேடத்திடம் சொன்னது எந்தக் கால்? வலதா, இடதா? யோசிக்க யோசிக்க இரண்டும் சரிபோலவே இருந்தது. வாசலில் வான் சத்தம் கேட்டது. நிரஞ்சன் இரண்டு காலிலும் கட்டிவிட்டான்.

தோடம்பழப் பையும் பிஸ்கட் பெட்டியுமாக மேனுகா மேடம் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார்.

"ஒரு கால் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"மற்றது... ஆசுப்பத்திரியாலை வந்து இறங்கேக்கை, மேடம்."

"பாவம் மனுசி," என்று கிருபன் உச்சுக்கொட்டினான்.

கணபதியர் கட்டுகளை அவிழ்த்தார். நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தான். பயந்திருக்கவே தேவையில்லை. முறிவு வைத்தியர் ஒருவர் சுகமான காலைக் கண்டதாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. கணபதியர் குதிக்காலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார்.

"அய்யோ ஆத்தா!"

அந்தச் சத்தம் நடிப்பில்லை. ஏ-35 வீதிவரை கேட்டிருக்கும்.

"கண்டியளோ? நரம்பு பிசகியிருக்கு. நல்லகாலம் நான் வந்தன். எண்ணெய் காய்ச்சவேணும், அடுப்பை மூட்டுங்கோ."

மேனுகா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் வெளியிலை போங்கோ. வருத்தக்காரருக்குக் காத்து வேணும். நான் அம்மாவோடை கொஞ்சநேரம் தனிய இருக்கிறன்."

கதவு சாத்தப்பட்டது. நிரஞ்சனுக்கு அந்தக் கதவை விழுந்து கும்பிடவேண்டும் போலிருந்தது. கணபதியரையும் கிருபனையும் குசினியில் விட்டுவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பாய்ந்தான். சரியாக மூன்று மணி. எதிராளியின் பெயர் 'மாரிமழை'. யாரோ எவரோ.

ஆட்டம் வெண்ணெயாக இறங்கியது. மாரிமழையின் கோட்டையில் பாதி சரிந்துவிட்டது. நிரஞ்சனின் கையில் வெள்ளம் பத்திரமாக இருந்தது.

"மச்சான், நெருப்புப்பெட்டி எங்கை?" குசினியிலிருந்து கிருபன் கத்தினான்.

"அலுமாரிக்கு மேலை!"

"காணேல்லை! நீ எங்கை நிக்கிறாய்? வாறன் பொறு!"

ஐயோ, வந்தால் கண்டுவிடுவான்! சட்டென்று முடிப்போம் என்று நிரஞ்சன் தன் முழுப் படையையும் ஒரேயடியாக மேசையில் இறக்கினான். அடுத்த நொடியே மாரிமழை வெள்ளத்தை இறக்கினார். யானை, குதிரை, பீரங்கி எல்லாம் போயே போய்விட்டன. குசினியில் நெருப்புப்பெட்டி கிடைத்துவிட்டதுபோலும், கிருபனும் வரவில்லை.

பரவாயில்லை, தன்னிடமும் வெள்ளம் இருக்கிறதே! எதிராளி படையைக் குவிக்கட்டும் என்று காத்திருந்தான். மாரிமழை ஒரேயொரு காலாளை இறக்கினார். அந்தச் சுண்டங்காய்க்குப்போய் வெள்ளத்தை வீணாக்குவதா? இன்னும் வரட்டும் என்று பொறுத்தான். காலாள் கோட்டையில் ஒரு கல்லைப் பிடுங்கினான். இன்னும் வரட்டும். மற்றக் கல்லையும் பிடுங்கினான். வேறு ஒருவரும் வரவேயில்லை. அந்த ஒற்றைக் காலாள் கல்லுக் கல்லாகப் பிடுங்கிக் கோட்டை முழுவதையும் தரைமட்டமாக்கிவிட்டுப் போனான். வெள்ளம் நிரஞ்சனின் கையிலேயே இருந்தது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பெடுத்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முகத்தைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது மேடம் அறையைவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அருமையான மாமி, நிரஞ்சன். வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ. நாளைக்கும் லீவு எடுங்கோ."

கணபதியர் சுடச்சுட எண்ணெய் பூசி முடித்ததும் வான் புறப்பட்டது. போட்டி போனால் போகட்டும், மன்னார் தப்பியதே என்று நிரஞ்சன் பெருமூச்சு விட்டான். சனியன் பிடித்த விளையாட்டு, இனித் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்துகொண்டான்.

உள்ளே மாமி கட்டிலில் சாய்ந்திருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, மேடம் முழுக்க நம்பீட்டா என்ன?"

"நம்புறதா? கதவச் சாத்துனதுமே, 'எழுந்து உக்காருங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரியும், எனக்கும் மூணு மணிக்குப் போன்ல சீட்டுப் போட்டி, அதுவும் கடைசி ஆட்டம், ஆபீஸ விட்டு வெளிய வர ஒரு நோயாளி தேவப்பட்டுச்சு'ன்னாங்க. உங்க பொய்ய இப்ப ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம் மாப்பிள்ள, மன்னாருக்கு வேற ஆள் கெடைக்கலேன்னாத்தான் வெளிய எடுப்பாங்களாம்."