தோசைக்கல்லுக்கு முலாம் பூசிய வரலாறு

மனிதகுலத்தின் விஞ்ஞான வளர்ச்சி 1966ஆம் ஆண்டு தேக்கா சந்தை வட்டாரத்தில் நிறைவு பெற்றது. நிறைவு செய்தது எங்கள் சிராங்கூன் ரோடு விஞ்ஞான முன்னேற்றச் சங்கம். அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சங்கத்தில் பதினோரு பேர். பதினோரு பேரும் செயற்குழு. சாதாரண உறுப்பினர் என்று யாரும் இல்லாததால் எங்களை எதிர்த்து ஒருவரும் பேசியதில்லை.

ஒரு கூட்டத்தில் தலைவர் சேதுபதி, துறைமுகத்தில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி, மேசையைத் தட்டினார்.

"ஜூரோங்குல ஆலைக்கு ஆலை புகைக்கூண்டு எழும்புது. தேக்காவுல இன்னும் கறுப்புத் தோசைக்கல்லா? அவமானம்!"

'அவமானம்' பூவம்மாவுடையது. சந்தைக்குப் பின்னால் காலையில் தோசை சுட்டு விற்பவர். செயற்குழுவில் இருந்த அப்துல் முத்தலிப், டன்லப் ஸ்திரீட்டில் சைக்கிள் கைப்பிடிக்கும் கார் பம்பருக்கும் குரோமிய முலாம் பூசுபவர், உடனே எழுந்தார்.

"முடியைவிட மெல்லிசா பூசித் தர்றேன். அதுல முகம் பார்த்துப் பவுடர் போடலாம் லா."

மறுநாள் கல்லைக் கேட்டுப் போனோம். "வேணாங்க, கல்லு நல்லாத்தானே இருக்கு?" என்றார் பூவம்மா.

அவர் 'மகிழ்ச்சியுடன் இசைந்தார்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பதினாலு வருடக் கறுப்பு, முத்தலிப்பின் அமிலத் தொட்டியில் அரை மணி நேரத்தில் கரைந்தது. கல் கண்ணாடியாக ஜொலித்தது. வெள்ளிக்கிழமை சமூக நிலையத்தில் திறப்பு விழா. ஒரு முக்கியப் பிரமுகர் நாடா வெட்டினார். பூவம்மா மாவை ஊற்றினார். தோசை வரவில்லை. சுரண்டினார். இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவது ஏழு துண்டாக வந்தது.

சேதுபதி மட்டும் கலங்கவில்லை.

"கவனியுங்கள், என்ன பிடிப்பு! குடிமகனுக்குத் தேசப்பற்று. இந்தக் கல்லுக்குத் தோசைப்பற்று!"

கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று. பிரமுகர் ஒரு துண்டைக் கரண்டியால் சாப்பிட்டு, எதிர்காலம் மொறுமொறுப்பாக இருப்பதாகப் பாராட்டினார்.

மறுநாள் முதல் பூவம்மா கடை போடவில்லை. ஐந்தாம் நாள் கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முத்தலிப்பின் பட்டறைக்கு வந்தார்.

"பாய், அஞ்சு நாளா அடுப்பு பத்த வைக்கல. வீட்டுல மூணு புள்ளைங்க. பழையபடி ஆக்கிக் குடுங்க."

முத்தலிப்பால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையாலேயே முலாமைக் கரைத்து எடுத்தார். வெறும் இரும்புதான் மிஞ்சியது. கறுப்பு திரும்பவில்லை.

பூவம்மா பட்டறை வாசலிலேயே அடுப்பு மூட்டினார். பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தார். புகைய விட்டார். துடைத்தார். மறுபடியும் தேய்த்தார். இப்படி மூன்று நாள். நான்காம் நாள் ஊற்றிய தோசை, தொடுவதற்கு முன்பே நழுவியது.

முத்தலிப் ஆறிய கல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இதுவும் பூச்சுதான்! எண்ணெய் வெந்து வெந்து படலமா உட்கார்ந்திருக்கு. என் தொட்டியில இப்படி வராது. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலைங்க. தோசை ஒட்டுனா யாவாரம் போயிரும்ல?" என்றார் பூவம்மா. முத்தலிப்புக்கு இரண்டு தோசை வைத்துக் கொடுத்துவிட்டு, கல்லைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு விரைந்தார்.

செய்தி கேட்டதும் செயற்குழு அவசரமாகக் கூடியது. இருபத்திரண்டு பக்க அறிக்கை எழுதினேன். தலைப்பு: 'தாவர எண்ணெய் நுண்படல முறை: நமது சங்கத்தின் கண்டுபிடிப்பு'. பத்துப் பேர் பெருமிதத்தோடு கையெழுத்திட்டார்கள். பேனா கடைசியாக முத்தலிப்பிடம் வந்தது. அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பூவம்மா அக்கா பேரு எங்க?"

"இருக்கு, பாய்," என்றேன். "கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசா பூசியிருக்கோம்."