கொக்கி நானாவும் கதிரையில் இருந்த மணிக்கூடும்

கல்பிட்டியில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், கருவாடு வாங்க வந்து அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவைத்துக் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன். சட்டைப் பையில் கிடக்கிற சில்லறையை வைத்துக்கொண்டு ராசா மாதிரி வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கொக்கி நானாதான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதத்தில் ஒருநாள் அதை வாசித்துவிட்டு மறுபடி மறந்துவிடுவோம்.

யுத்தம் முடிந்த கையோடு அந்தப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றில் எனக்குக் கிளாக்கர் வேலை கிடைத்தது. நான் முன்னேஸ்வரத்துக்காரன். தென்னை நிழலில் வளர்ந்தவனுக்குக் கல்பிட்டிக் காற்று என்ன தெரியும்? முதல் நாளே நான் அழகாக எழுதி முடித்த கடிதம் ஜன்னலால் பறந்துபோய் பக்கத்து வீட்டு ஆட்டின் வாய்க்குள் விழுந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஆடு கையொப்பம் வரை வந்துவிட்டது. வாடிய முகத்தோடு திரும்பி வந்தால், என் மேசையில் உடுப்புக் காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்புகள் ஆறு கிடந்தன. ஸ்டோர் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, கடுதாசிக்குக் கிளிப் போடுங்க. ஆட்டுக்கு வேற தீன் குடுப்பம்."

அதுதான் ஸ்டோர் கீப்பர் கொக்கி நானா. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, எந்நேரமும் புடைத்திருக்கும் சட்டைப் பை. வலை, ஐஸ் பெட்டி, என்ஜின் எண்ணெய் எல்லாம் அவர் பொறுப்பு. அவை சம்பளத்துக்குச் செய்த வேலை. அவருடைய உண்மையான உத்தியோகம், மலிவான சின்னச் சாமான்களைத் தேடிக் கண்டுபிடித்து அடுத்தவர் வாழ்க்கையைத் திருத்துவது.

எங்கள் சங்கக் கந்தோரின் கதவு காற்றில் அடித்து அடித்து எங்கள் ஈரல்குலை நடுங்கிக்கொண்டிருந்தது. நானா ஒரு றப்பர் ஆப்பு கொண்டுவந்து கதவின் அடியில் செருகினார். அன்றிலிருந்து கதவு வாயைத் திறக்கவில்லை. காகம் ஜன்னலால் வந்து என் மதியச் சோற்றுப் பார்சலில் மீன் துண்டை மட்டும் தெரிவு செய்து கொண்டுபோகும். நானா குடை மாதிரி விரிகிற வலைமூடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். என் கண்ணாடி நாளுக்கு இரண்டு தரம் விழும். "இதெல்லாம் கிழவர்கள் மாட்டுவது" என்று நான் எவ்வளவோ முறுக்கியும், ஒரு கறுப்புக் கயிற்றைக் கண்ணாடிக்குக் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார். இப்போது இதை எழுதும்போதும் கயிறு கழுத்தில்தான் இருக்கிறது. அந்த மனிதர் சொன்னதில் முக்கால்வாசி சரி என்பதை அவர் முன்னால் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"பெரிய சாமான் வாங்கினா நாமதான் அதுக்குக் காவல் இரிக்கணும் தம்பி. சின்னச் சாமான் எண்டா கையில எடுத்திட்டு நடக்கலாம்" என்பார். ஏதோ சிக்கனக்காரர் பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு நாலு சமயத்துத் திருவிழாவும் மனப்பாடம். தலவில அன்னம்மாள் திருவிழா எப்போது, வெசாக் பந்தல் எங்கே, எங்கள் முன்னேஸ்வரத்தில் தேர் எந்த நாள் என்று கேட்டால் போதும், பொழிந்துதள்ளுவார். அந்தச் சாமிகள்மேல் பக்தி எல்லாம் இல்லை, அவர் ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம். திருவிழா என்றால் கடை போடுவார்கள், அவ்வளவுதான் கணக்கு. நான் பிறந்து வளர்ந்த ஊர்த் திருவிழாவில் எந்தக் கடை எந்த மரத்தடியில் வரும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒருமுறை உடப்புத் தீமிதிக்குப் போய்விட்டுத் தேத்தண்ணி வடிகட்டுகிற வடி ஒன்றோடு வந்தார்.

"தீ எப்படி நானா?" என்று கேட்டேன்.

"தீ நல்லந்தான். வடி அதைவிட நல்லம். இஞ்ச பாருங்க, ரெட்டை வலை."

எல்லாக் கண்டுபிடிப்பும் வெற்றி பெற்றது என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாசலில் எல்லோருடைய றப்பர்ச் செருப்பும் ஒரே மாதிரி இருப்பதால் மாறிமாறிப் போய்விடும். நானா ஒரு சிவப்புக் கிளிப்பைத் தன் செருப்பில் மாட்டிவிட்டுப் போனார். தொழுதுவிட்டு வந்ததும் நேரே போய்க் காலை விட்டார், ஒரு தடுமாற்றமும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை மனிதரால் தனியே வைத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த வாரத்துக்குள் ஊருக்கெல்லாம் கிளிப் வாங்கிக் கொடுத்துவிட்டார். கடையில் இருந்ததோ சிவப்பு மட்டும். அடுத்த ஜும்ஆ முடிந்து கந்தோருக்கு வந்த நானாவின் காலில் இரண்டு இடதுகால் செருப்புகள், இரண்டிலும் சிவப்புக் கிளிப்.

"நானா, இது யார்ட செருப்பு?"

"தெரியல்ல தம்பி. ஆனா ரெண்டு பேரும் நல்ல மனிசராத்தான் இரிக்கணும், கிளிப்பைக் கழட்டாம வெச்சிரிக்காங்க."

பட்டப்பெயர் வந்தது இன்னொரு சாமானால். சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற றப்பர்க் கொக்கி. நானா கந்தோர்ச் சுவரெல்லாம் அதை ஒட்டினார். சங்கத் தலைவருடைய குடை ஒரு கொக்கியில் தொங்கியது. பதினொரு மணிக்குத் தகரக் கூரை சூடேறியதும் றப்பர் இளகும், குடை படாரென்று விழும். மழை இல்லாத நாளில் ஒரு நிமிடம் பிந்தாது. நாங்கள் அதை வைத்துத்தான் தேத்தண்ணிக்கு எழும்பினோம். ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது குடை விழுந்தது. பேச்சின் நடுவில் கந்தோரே எழுந்து நின்றது. மரியாதைக்கு எழும்பினோம் என்று நினைத்து அந்த மனிதர் கைகூப்பினார்.

"ஒரு ஆணி அடித்தால் தீர்ந்தது. இந்த ஒட்டுக் கொக்கி என்னத்துக்கு?" என்று நான் எரிந்து விழுந்தேன். நானா சிரித்துக்கொண்டே கொக்கியை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினார். எல்லாச் சாமானும் வாங்குகிற மனிதர் ஆணி மட்டும் வாங்கி நான் கண்டதில்லை.

நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். சின்னக் கல்வீடு, நாலு பிளாஸ்டிக் கதிரை. மூன்றில் விருந்தினர் இருந்தார்கள். நாலாவதில் ஒரு துவாய் போர்த்திக் கிடந்தது. நான் பாதி குனிந்துவிட்டேன்.

"அதுல இரிக்காதீங்க" என்று மூன்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

துவாயை விலக்கிக் காட்டினார்கள். சாய்மானத்தில் முதுகை வைத்து, பெரிய வட்டச் சுவர் மணிக்கூடு ஒன்று கதிரையில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் பாயில் சப்பணமிட்டு, அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே வட்டிலப்பம் தின்றேன்.

பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உடுப்புகள் ஜன்னல் கம்பிக்குக் கம்பி கட்டிய கயிற்றில். கலண்டர் நூலில் தொங்குகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் விளிம்பில் சாய்ந்திருக்கிறது. பைகள் கதவில் கொளுவிய கொக்கிகளில். நாலு சுவரிலும் ஒரு ஆணி இல்லை. வாய் சும்மா இருக்குமா, நானாவின் மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"ராத்தா, ஒரு ஆணி அடிச்சு இந்த மணிக்கூட்டைச் சுவரில மாட்டினா என்ன?"

ராத்தா கோபிக்கவில்லை. "ஊருக்குப் போய் மாட்டுவம் தம்பி" என்றார். "தொண்ணூறுல முஸ்லிம் சனமெல்லாம் போகணுமெண்டு இயக்கம் சொல்லி, மன்னாரிலிருந்து வள்ளத்தில ஏறக்குள்ள, கையில பிடிச்சது மட்டும் எங்களோட வந்திச்சு. சுவர்ல கொளுவினதெல்லாம் அங்கயே நிண்டிட்டு. அண்டைக்கு நினைச்சன், இனி ஆணி அடிக்கிறதெண்டா எங்கட ஊர்ச் சுவர்லதான்."

மணிக்கூடு, அவர்கள் வந்த அடுத்த வருடம் நானா தலவிலக் கடையில் வாங்கியது. அப்போது ஓலைக் கொட்டில். பிறகு கொட்டில் கல்வீடாயிற்று, சுவர் வந்தது. ஆணி வரவில்லை. அந்த ஒழுங்கையில் பல வீடுகளில் இதே கதைதான். அடுத்த வருடம் போகிறோம் தானே என்று தென்னம்பிள்ளைகூட வைக்காமல் இருபது வருடம் இருந்துவிட்டார்கள். கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய சாமான் என்று நானா சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. கந்தோரில் ஆணியைப் பற்றி நான் கத்திய கத்தலை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு மன்னாருக்குப் போகிற பாதை திறந்தது. காணியைத் துப்புரவாக்கினால் திரும்பிப் போகலாம் என்றார்கள். ராத்தா பைகளைத் தட்டித் துவைத்துக் காயப்போட்டார். அந்த வருடம் நானா தலவிலத் திருவிழாவுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். கந்தோரே பதறிப்போயிற்று. தலைவர் தன் கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன நானா, கடை போடல்லையா?" என்று ஸ்டோரில் தனியாகக் கேட்டேன்.

"கடை கிடந்திச்சு. வாங்க மனசு வரல்ல." கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். "தம்பி, எனக்குப் போக விருப்பமில்ல. புள்ளைகள் இங்கதான் பிறந்ததுகள். என்ட வேலை இங்க, கூட்டாளிமார் இங்க. அங்க போனா எனக்கு ஆரைத் தெரியும்?"

"ராத்தாட்டச் சொல்லுங்களன்."

"இருவது வருசம் ஒரு ஆணி அடிக்காம இருந்தவளுக்கிட்ட, இங்கயே இருப்பமெண்டு எப்படித் தம்பி சொல்லுற?"

அவர் போய்விடுவார் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. சோற்றை வலைமூடியால் மூடவில்லை, காகம் வந்தால் விரட்டவும் மனமில்லை. ஒழுங்கைச் சனமெல்லாம் சேர்ந்து வேன் பிடித்துக் காணி பார்க்கப் போனார்கள். நானாவும் ராத்தாவும் போனார்கள். பதினொரு மணிக்குக் குடை விழுந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

நான்காம் நாள் காலையில் நானா கந்தோர் வாசலில் நின்றார்.

"தம்பி, சுத்தியல் ஒண்டு இரிக்கா?"

"என்னத்துக்கு?"

"தெரியல்ல. அவ கேக்கிறா. வேன்ல வரக்குள்ள ஒரு சொல்லும் கதைக்கல்ல. காணியெல்லாம் காடு. வீட்டில ஒரு சுவர்தான் மிஞ்சிக் கிடந்திச்சு. அதுக்கிட்டப் போய்க் கன நேரம் நிண்டா. வந்து இண்டைக்கு விடிய எழும்பி, சுத்தியல் கொண்டாங்க எண்டா. எனக்குப் பயமா இரிக்கு, நீங்களும் வாங்க."

சுத்தியலை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். ராத்தா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு ஆணி. துருப்பிடித்து, கருவாட்டு நிறத்தில் இருந்தது.

"எங்கட சுவர்ல இருந்தது. கண்ணாடி கொளுவின ஆணி. கையால அசைச்சன், வந்திட்டு" என்றார். பிறகு நானாவைப் பார்த்தார். "அங்க ஆணி இருந்திச்சு, வீடில்ல. இங்க வீடு இரிக்கு. அடிங்க."

நானா என் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். ஆணி அடித்துப் பல வருடமான மனிதர், முதல் அடி சுவருக்கு, இரண்டாவது பெருவிரலுக்கு. பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டு, "ஒட்டுக் கொக்கி ஒண்டு இரிக்கு, அதைப் போட்டா என்ன?" என்று கேட்டார்.

"அந்தக் கண்டறியாத கொக்கியை எடுத்தீங்களோ, நான் இப்பவே மன்னாருக்குப் போயிருவன்" என்றார் ராத்தா. வீடே சிரித்தது. சிரித்துக்கொண்டே ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது அடியில் ஆணி இறங்கியது, பாதி வளைந்து. நானா கதிரையிலிருந்த மணிக்கூட்டைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி மாட்டினார். அது கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து நின்றது. நேராக்கப் போனவரை ராத்தா தடுத்தார்.

"உடுங்க. தொங்குது தானே."

இப்போது கதிரை வெறுமையாக இருந்தது. அதை என்ன செய்வதென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள்கூட அதன் பக்கம் போகவில்லை. ராத்தா துவாயால் அதை ஒருமுறை தட்டிவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"இரிங்க தம்பி. எத்தினை நாள் பாயில இருந்தீங்க."

இருந்தேன். ஒரு கால் கொஞ்சம் ஆடுகிற பழைய கதிரை. அதில் இருந்தபோதுதான், இந்த மனிதர் இனி எங்கேயும் போகமாட்டார் என்பது எனக்கு உறைத்தது. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடிக்குள் எல்லாம் மங்கலாகிவிட்டது. கயிற்றோடு கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கப் போனேன்.

நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். புடைத்த சட்டைப் பையில் தடவி, மடித்த சின்ன மஞ்சள் துணி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கண்ணாடி துடைக்கிற துணி. இண்டைக்குக் காலையில கந்தோருக்கு வரக்குள்ள கடையில கண்டன், வாங்கினன். கீறாது தம்பி. வெச்சுக்கொள்ளுங்க."

வெச்சிருக்கிறேன் நானா.