ஸ்மூத்திக்கு ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல்

எப்படியாவது பால் டீயை மீட்பது என்று நான் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை.

டீ போனது கம்பெனி மெடிக்கல் கேம்ப்பில். என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஜெயராஜ், சுகர் பார்டர்ல இருக்கு" என்றார். பார்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ஆந்திரா எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட்தான். அங்கே லாரிகள் நாள் கணக்கில் நிற்கும். நாமும் நிற்கலாம், அவசரமில்லை என்று நினைத்தேன். என் மனைவி ஹெலன் அன்றைக்கே கேட்டை இறக்கிவிட்டாள்.

"இனிமே ஊட்ல டீ கெடயாது."

"காலைல மட்டும் ஒண்ணு?"

"கெடயாது."

"சக்கர இல்லாம?"

"சக்கர இல்லாம குடிக்கிற மூஞ்சா இது?"

வெளியே குடிக்கலாமே என்பீர்கள். கம்பெனி கேன்டீனில் டீ ஊற்றும் ஞானம்மா சர்ச் பாடகர் குழுவில் ஹெலனுக்குப் பக்கத்தில் நிற்பவர். சிப்காட் கேட்டில் டீக்கடை வைத்திருக்கும் சின்னதுரை ஹெலனுக்குச் சித்தப்பா மகன். "மாமா, அக்கா போன் பண்ணிச்சி. வேணும்னா தண்ணி குடி" என்று ஜக்கை நகர்த்தினான். கும்மிடிப்பூண்டியில் டீ ஆற்றும் கைகள் எல்லாம் என் மாமியார் வீட்டுக் கைகள்.

டீக்குப் பதிலாக வந்தது ஸ்மூத்தி. ஹெலன் செல்போனில் பார்த்துக் கற்றது. மாம்பழம், பப்பாளி, அன்னாசி மூன்றையும் நறுக்கி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். துளசி, புதினா, எலுமிச்சைப் புல்லைக் கொதிநீரில் போட்டு மூடி வைத்து, வடிகட்டி, ஆறவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மிக்சியில் ஓட்ட வேண்டும்.

"இதுவும் டீதாங்க. மூலிகை டீ."

பழவேற்காடு ஏரியில் இருப்பதும் தண்ணீர்தான். யார் குடிக்கிறார்கள்?

"பழத்துல மட்டும் சக்கர இல்லியா?" என்று மடக்கினேன்.

"அது கர்த்தர் போட்ட சக்கர. நீங்க போட்டது மூணு ஸ்பூன்."

ஒரு வேலையை எதிர்ப்பதைவிட ஏற்றுக்கொண்டு கெடுப்பது சுலபம். இதை நான் சூப்பர்வைசராக இருக்கும் ஃபேக்டரி லைனில் பலர் எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சட்டைக் கையை மடித்தேன்.

"ஹெலன், இன்னிக்கி ஸ்மூத்தி நான் போடறேன்."

"நீங்களா? உங்களுக்கு மிக்சி ஸ்விட்சு எங்க கீதுன்னு தெரியுமா?"

"பிரஸ் மெஷின் ஓட்டறவனுக்கு மிக்சி ஒரு மேட்டரா? நீ போய் ஒக்காரு."

உட்கார்ந்தாள். நான் வேலையைத் தொடங்கினேன். பழுக்காத அன்னாசியாகப் பொறுக்கி, கண்ணும் நடுத்தண்டுமாகப் போட்டேன். பப்பாளி காயாகவே இருந்தது, தோலோடு இறக்கினேன். மாம்பழத்தைத் தொடவே இல்லை. துளசிக்குப் பதிலாக, டெங்கு சீசனில் வாங்கிய நிலவேம்புப் பொடி டப்பா அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஒரு கைப்பிடி. மனசு கேட்காமல் இன்னொரு கைப்பிடி. ஓட்டி முடித்தபோது, டம்ளரில் இருந்தது மெஷினிலிருந்து வடிகிற பழைய ஆயில் நிறத்தில் இருந்தது.

திட்டம் எளிது. ஒரு வாய் குடிப்பாள். துப்புவாள். "ஐயோ போதும், உங்களுக்கு டீயே போட்டுத் தரேன்" என்பாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஹெலன் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கர்.

டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். முகம் அசையவில்லை. கண்ணில் மட்டும் ஒரு துளி நீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு குணசுந்தரி வந்தாள். "இன்னாக்கா, மிக்சி சத்தம் தெரு வரைக்கும் கேக்குது?"

"வா குணா. அண்ணன் ஸ்மூத்தி போட்டுகீறாரு. குடிச்சிப் பாரு."

குடித்தாள். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. ஹெலன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். குணசுந்தரி விழுங்கினாள்.

"சூ... சூப்பர்ணா. அடுப்புல கொழம்பு வெச்சிட்டு வந்துட்டேன்." ஓடிவிட்டாள். சற்று நேரத்தில் அவர்கள் வீட்டுக் குழாயடியில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க குடிச்சிப் பாத்தீங்களா?" என்றாள் ஹெலன்.

குடித்தேன். அடிநாக்கில் ஆணி அடித்தது போலிருந்தது.

"எப்டி கீது?"

செய்தவன் நான். வேறு என்ன சொல்வது? "அ... அருமை."

"அப்போ ஃபர்ஸ்ட் பீஸ் ஓகே. தெனம் இதே மாரி ஓட்டுங்க. காலைல ஒரு டம்ளர், கம்பெனிக்கு ஒரு பாட்டில்."

ஃபேக்டரி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் தொடங்கியதும் மெஷினில் வரும் முதல் பீஸைக் குவாலிட்டி ஆள் பார்ப்பார். அவர் ஓகே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது. மீறிக் கை வைத்த எத்தனையோ பேரை நான் லைனில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக ஹெலனிடம் சொல்லியும் இருக்கிறேன்.

திங்கள் குடித்தேன். செவ்வாய் சோறு கசந்தது. புதன்கிழமை பல் விளக்கும் பேஸ்ட்டே கசந்தது. அன்று காலை ஹெலன் அந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு மாம்பழத் துண்டை ஜாரில் நழுவவிட்டேன்.

"இன்னாது அது?"

"சும்மா, ஒரு துண்டு..."

"டீவியேஷனா? யார் அப்ரூவ் பண்ணது?"

"லைட்டா கசக்குதும்மா."

"ஞாயித்துக்கெழம அருமைன்னீங்க. அன்னிக்கி கசக்கலியா?"

"நாக்கு மாறிடிச்சி."

"செட்டிங் மாத்தணும்னா ரீசன் வேணுங்க. உங்க லைன்ல ரீசன் இல்லாம உடுவீங்களா?"

பேஜாராகிவிட்டது. உண்மையான காரணத்தைச் சொன்னால் திட்டம் வெளியே வரும். ஆகவே வாதாடினேன். அன்னாசி நன்றாகப் பழுத்து, தண்டு நீக்கி இருக்க வேண்டும் என்றேன். பப்பாளிக்குத் தோல் சீவ வேண்டும், மாம்பழம் இல்லாமல் ஸ்மூத்தியே இல்லை என்றேன். துளசியை மூடி வைத்து ஊறவிட்டால்தான் வாசனை நிற்கும் என்று, அவள் எனக்குச் சொன்னதை எல்லாம் அவளுக்கே பாடமாக எடுத்தேன். கடைசியில் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு ட்ரையல் குடு ஹெலன். இத்தவிட நல்லா வரலன்னா பழையபடியே ஓட்டறேன்."

"சரி, போட்டுக் காட்டுங்க" என்று மனசில்லாமல் ஒத்துக்கொள்வது போல ஒத்துக்கொண்டாள்.

உயிரைக் கொடுத்துச் செய்தேன். பொன் நிறத்தில் நுரையோடு வந்தது. ஹெலன் ஒரு வாய் குடித்தாள். பிறகு முழுசாகவே குடித்துவிட்டாள்.

"பாஸ். இனிமே தெனம் நீங்களே போடுங்க. எனக்கும் சேத்து."

நான் ஜெயித்துவிட்டேன். நிலவேம்பு டப்பாவைக் குப்பையில் வீசினேன், ஜாரைக் கழுவிக் கவிழ்த்தேன், பாட்டிலோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன்.

அத்தனை நேரம் வாதாடியதில் டீ என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை என்பது, பஸ் சிப்காட் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.