முட்டைக்கு மீசை

கண்ணும் மூக்கும் வரைந்ததோடு சுகுணன் நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. முட்டைக்கு மீசையும் வைத்துவிட்டான். அதை வெயில் படட்டும் என்று மதில்மேல் வேறு வைத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கமணிச் சேச்சியின் வீடு. அங்கே அதே மாதிரி மீசையோடு அவள் புருஷன் அச்சுதேட்டன் இடுப்பு பிடித்துப் படுத்திருந்தார்.

"சுகுணா, இது என்னது?"

"முட்டை, சேச்சி."

"அது தெரியுது. யாரோட மூஞ்சி?"

"யாரோடதும் இல்ல. உள்ளே மண்ணு போட்டுக் கடுகு விதைச்சிருக்கேன். முளைச்சா தலைமுடி மாதிரி நிக்கும். நம்ம தும்பிக்காக."

"தும்பி மஸ்கட்ல இருக்கா. கடுகு எதுக்கு இங்க முளைக்குது?"

கேள்வி நியாயமானதுதான். மகள் தும்பிக்கு நாலு வயது. நர்ஸ் வேலைக்குப் போன மனைவி மிருதுளா அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கரண்ட் ஆபீஸ் வேலை சுகுணனை இரிஞ்சாலக்குடாவிலேயே கட்டிப்போட்டது. சாயங்காலம் போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டியா மோளே?" என்பான். "ம்." "ஸ்கூலுக்குப் போனியா?" "ம்." அப்புறம் திரையில் சோபா மட்டும் தெரியும். சோபாவோடு எவ்வளவு நேரம் பேசுவது?

அப்போதுதான், சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கைவேலையாகப் பாடம் சொல்லித்தரும் வீடியோக்கள் அவன் கண்ணில் பட்டன. இங்கே இவன் ஒன்று செய்வான், அங்கே அவள் அதையே செய்வாள். பயறு வகைகளைப் பிரித்தார்கள், அரிசியில் எழுதினார்கள். பிள்ளை போனை விட்டு நகரவில்லை. அந்த அரை மணிக்காகவே அவன் மீதி நாளை ஓட்டினான்.

"மொதல்ல அதை எடு" என்றாள் சேச்சி.

எடுத்தான். தூக்கிப் போட மனம் வரவில்லை, தும்பி கேட்பாளே. தென்னையடியில் குழி தோண்டி, மீசை மறையும்வரை மண்ணில் பதித்துவைத்தான்.

முட்டையில் முகம் எழுதிப் புதைத்தால் அந்த ஊரில் அதற்குப் பெயர் செய்வினை. பிள்ளை நினைப்பில் அவனுக்கு அது மறந்துபோயிருந்தது. மதிலோரம் நின்று பார்த்த சேச்சிக்கு மறக்கவில்லை. அன்றைக்கே அச்சுதேட்டனின் வலி இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது.

மறுநாள், எலுமிச்சையை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சு வைக்கிற பாடம். சிவப்புச் சாயம் தீர்ந்திருந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்தால் சிவக்கும் என்பது அவனுக்கு நினைவு வந்தது. பலி பூஜைக்கு ரத்தத்துக்குப் பதிலாகக் கரைப்பதும் அதைத்தான் என்பது நினைவு வரவில்லை. ஜன்னலில் சேச்சியின் தலை தெரிந்ததும், எதற்கு வம்பு என்று ஜன்னலைச் சாத்தினான். கதவையும் தாழிட்டான்.

அதன்பிறகு வெளியே குரல் மட்டும்தான் கேட்டது. "எலுமிச்சையை நல்லா அழுத்து. சிவப்பா ஒழுகுதா? அப்படித்தான், என் கண்ணு."

சேச்சி ஓடிப்போய் ஜோசியம் பார்க்கும் பணிக்கரைக் கூட்டிவந்து கதவைத் தட்டினாள். பணிக்கரின் தோளில் தொங்கியபடி அச்சுதேட்டனும் வந்துசேர்ந்தார்.

"சுகுணா, கதவைத் திற."

"கொஞ்சம் பொறுங்க சேச்சி. பாதியில விட்டா அவ போயிடுவா."

"எவ போயிடுவா?" என்று கேட்ட பணிக்கர் ஒரு படி கீழே இறங்கி நின்றார். தோள் போனதும் அச்சுதேட்டன் தூணைக் கட்டிக்கொண்டார்.

கதவு உடைந்துவிடும் போலிருந்தது. சுகுணன் திறந்தான். இரண்டு கையும் சிவப்பு.

"எங்க வீட்டுக்காரர் உனக்கு என்னடா பண்ணினார்?" சேச்சி அழுதேவிட்டாள்.

பதிலுக்கு அவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் தும்பி, கையில் அரை எலுமிச்சையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்காகத்தான் எல்லாம். இது இல்லேன்னா அவ என்கிட்ட பேசறதில்ல சேச்சி. ஆளில்லாத வீட்டுக்குள்ள நுழையவே பயமா இருக்கு."

சேச்சியின் கோபம் இறங்கிவிட்டது. அவன் இத்தனை தனியாக இருப்பது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தும் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. "அசடு. நாளையிலேர்ந்து ராச்சாப்பாடு எங்க வீட்டுல. போய்க் கையைக் கழுவு" என்று போனை வாங்கிக்கொண்டாள்.

அவன் சமையலறைக்குப் போனதும், "மோளே, உன் அச்சன் சொல்லித்தர்றதெல்லாம் புரியுதா?" என்று கேட்டாள்.

தும்பி திரைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "இதெல்லாம் எங்க மிஸ் எப்பவோ சொல்லிக்குடுத்தாச்சு, வல்யம்மா. அச்சனுக்குத்தான் அங்க விளையாட யாருமே இல்ல, அதான் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கேன்."